தங்கையைப் பெண் கேட்டவள்

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அய்யம்மாளைப் பற்றி நல்லபடியாகப் பேச ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி நானும் பேசப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் சுருளிவேலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். தக்காளித் தோட்டம், கிணறு, ஓட்டு வீடு எல்லாம் இருந்தது. மூத்தவன் கண்ணுசாமி நாலு வயதுவரை நன்றாக ஓடினான். பிறகு ஓடினால் வாந்தி எடுத்தான். படியேற முட்டியில் கையை ஊன்றினான். இமை இரண்டும் பாதி மூடியே கிடக்கும். தூங்குகிறான் என்று வாத்தியார் பிரம்பால் அடித்தார். ஆறு வயதில் கைகால் வெட்டி இழுத்தது. ஒரு பக்கப் பார்வை போனது, பேச்சுக் குழறியது. மதுரையில் ஒரு டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். அவர்தான் என்ன செய்வார், அது என்ன நோயென்று அவருக்கும் தெரியாது. அறுபதில் பையன் செத்தான். அந்த வருஷமே இளையவள் ஜக்கம்மாளும் நடக்கையில் தடுக்கி விழ ஆரம்பித்தாள்.

சுருளிவேல் முடிவு கட்டிவிட்டான்.

“ஒன் வயித்துலதான் கோளாறு. பிள்ளையத் தூக்கிட்டு ஒங்காத்தா வீட்டுக்குப் போயிரு. நான் வேற ஒருத்தியக் கட்டிக்கிறேன்.”

இரண்டாம் தாரம் கூடாதென்று சட்டம் வந்திருந்தது. எங்கள் ஊருக்கு அது வந்து சேரவில்லை.

“வேற ஒருத்தி எதுக்கு? எந்தங்கச்சியக் கட்டிக்கங்க. நானும் ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன்” என்றாள் அய்யம்மாள். அக்காள் வயிறு வேறு, தங்கை வயிறு வேறு என்று ஊரே ஒத்துக்கொண்டது.

குஜிலியம்பாறைப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் கஞ்சிக்கே வழியில்லை. பெண் கேட்க அய்யம்மாள் அங்கே போனாள். தங்கை செல்லக்கிளிக்குப் பதினெட்டு வயது. தண்ணீர் எடுத்து வரும் வழியில் குடத்தை இரண்டு இடத்தில் இறக்கி வைத்தாள்.

“கை கடுக்குதுக்கா. இப்பல்லாம் செத்த நேரம் தூக்குனாலே இப்பிடித்தான்.”

அந்த வயதில் அய்யம்மாளுக்கும் இப்படித்தான் கை கடுக்கத் தொடங்கியது. தங்கைக்கும் அதே கோளாறுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் தனக்கும் ஜக்கம்மாளுக்கும் தங்க ஒரு கூரை இருக்காது. திறக்கவில்லை. அன்றைக்கே தகப்பனிடம் பெண் கேட்டாள். பின்னால் அவளே இதை என்னிடம் சொன்னாள். பாவி, எப்படி மனசு வந்ததோ!

எந்தப் பிள்ளைக்காக வாயை மூடினாளோ, அந்த ஜக்கம்மாள் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம்தான் உயிரோடு இருந்தாள்.

செல்லக்கிளிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மாயாண்டி என்று பெயர் வைத்தார்கள். அய்யம்மாள் அவனை இடுப்பை விட்டு இறக்கவில்லை. அவன் ஓடும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அறுபத்தாறில், நாலு வயதில், தோட்டத்தில் ஓடி வந்தவன் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். சுருளிவேல் பார்த்தான். மறுவாரம் நத்தத்தில் மூன்றாம் தாரமாக ஒரு பெண் பார்த்துவிட்டு வந்தான். அவள் பெற்ற மூன்றும் பிற்பாடு கல்லுக்குண்டாக வளர்ந்தன.

இப்போது அந்த நோய்க்கு ஏதோ பெயர் சொல்கிறார்கள். மூளையையும் தசையையும் சேர்த்துத் தின்னுமாம். தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு இறங்குமாம். அக்காளுக்கும் தங்கைக்கும் தாய் ஒருத்திதானே.

நத்தத்துச் சேதி வந்த அன்று செல்லக்கிளி வாசலில் வைத்தே கேட்டாள். நான் அங்கேதான் இருந்தேன்.

“அக்கா, என்னயப் பொண்ணு கேட்டு வந்தப்பவே எனக்கும் இந்தக் கோளாறு இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

செல்லக்கிளி அறையக் கையை ஓங்கினாள். கை தோளுக்கு மேலே ஏறவில்லை. மறுபடியும் ஓங்கினாள், பாதியிலேயே நின்றது. அய்யம்மாள் குனிந்து, அந்தக் கை எட்டுகிற இடத்துக்குத் தன் கன்னத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்போதும் அந்த அடி வலிக்கிற மாதிரி விழவில்லை.