கூஜாவில் எழுந்த நுரை

நான் இறுதி வகுப்பில் படித்த ஆண்டு, திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு நீச்சல் குளம் கட்டினார்கள். சிமெண்டு பூசிக் காய்ந்து கிடந்த அந்த வெறுங்குளத்தை எட்டிப் பார்ப்பதற்காகவே நாங்கள் மணியடிக்கும் முன்பே வந்துவிடுவோம். எந்த நீரை நிரப்புவது என்பதில்தான் வழக்கு. பக்கத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, சுவரும் குழாயும் வெள்ளை பூத்துப் போகும், ஏரி நீரை வண்டிகளில் கொண்டுவர வேண்டும் என்றான், சொற்போர் மன்றத்தில் என் எதிராளி. விடுதியில் அந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகாததே அவன் காட்டிய சான்று. கிணறே போதும் என்பது என் கட்சி.

பருப்பு வேகாத குற்றம் ஈர விறகினுடையது என்று நான் முழங்கியபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அத்தோடு அமர்ந்திருக்கலாம். விழுப்புரத்தில் ரயில் இன்ஜின்களுக்கு நீர் சோதிப்பவரிடமிருந்தே தீர்ப்புப் பெற்று வருவேன் என்று சபதம் செய்தேன்.

வீட்டிலேயே அழகான பித்தளைக் கூஜாவைத் தேர்ந்தேன். அது நல்லெண்ணெய் வைத்திருந்த கூஜா. பிசுக்குப் போகச் சீயக்காய்த் தூள் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். குறுகிய கழுத்துக்குள் என் கை நுழையவில்லை. கிணற்று நீர் நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு, மல்லாட்டை உரித்துக் கொறித்தபடி விழுப்புரம் போனேன்.

நீர் சோதிப்பவர் புட்டியில் நீரை ஊற்றிச் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார். சுண்ணாம்பு மிகுந்த நீரில் நுரை எளிதில் நிற்காது என்றார். மூன்றாம் சொட்டிலேயே நுரை எழுந்து நின்றது.

"மழத்தண்ணி மாதிரி கீதே தம்பி. நெசமா கெணத்துலதான் மொண்டியா?"

அவருடைய ஐயத்தையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் என் கட்சி வென்றது. திங்கட்கிழமை நீர் இறைக்க முடிவாயிற்று.

ஞாயிறு காலை, கூஜாவில் மிஞ்சிய நீரை முற்றத்தில் கொட்டினேன். சோப்பே தொடாத அந்த நீர் கல்லின்மேல் நுரைத்தது. முகர்ந்து பார்த்தேன். சீயக்காய்.

யாருக்கும் தெரியாது. குளம் வெளுப்பதற்குள் நான் பள்ளியை விட்டே போயிருப்பேன். இந்த வாதத்தை எனக்கு நானே எடுத்துரைத்துக்கொண்டே நடந்தேன். கால்கள் எதிராளியின் விடுதி வாசலில் நின்றன. சொன்னேன். எதிராளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"தண்ணிக்கு எண்ண தேய்ச்சி முழுக்காட்டி இட்டுக்கினு போனியா? வா, ரயிலுக்கு நேரமாவுது."

புதிய புட்டி ஒன்றில் கிணற்று நீரை மொண்டு இருவரும் போனோம். இம்முறை சொட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. நுரை எழவில்லை. தயிர்போல ஒரு திரை மட்டும் மிதந்தது.

திங்கட்கிழமை, இறைக்கத் தொடங்கும் முன், என் வாழ்நாளின் மிகச் சிறிய சொற்பொழிவை ஆற்றினேன்: "அன்று பேசியது கிணறு அல்ல, என் கூஜா. ஏரி நீரே தகுந்தது."

யாரும் கைதட்டவில்லை.

வண்டிகள் பல நாள் வந்தன. குளம் நிரம்பியபோது நீர் செம்மண் நிறத்தில், பாசி மணத்தோடு இருந்தது. முதலில் குதிக்கும் உரிமையை எதிராளிக்கே கொடுத்தார்கள். அவன் விளிம்புவரை போனான், திரும்பி வந்தான், என் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டே குதித்தான்.

எத்தனையோ மேடைகள் ஏறிவிட்டேன். மழைக்குப் பின் ஏரிக்கரை மணம் வந்தால், இன்றும் என் மணிக்கட்டில் அந்தப் பிடி இருக்கிறது.