மாதம் முடிவதற்குள்

ஹாலிஎலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு என் லொறியில் கொழுந்து ஏற்றி வந்தேன். கூலி வருடக்கணக்கில் வரவில்லை.

"கம்பெனியைக் கலைச்சு, சொத்தை வித்துக் கடனை அடைக்கச் சொல்லி வழக்குப் போடலாம். ஆனா இந்த மாதம் தாண்டினா சட்டப்படி உங்கட உரிமை இல்லாமப் போயிடும்" என்றார் பதுளையில் என் வக்கீல்.

அந்தத் தொழிற்சாலையில்தான் என் தங்கையும் வேலை பார்த்தாள். அவள் பிழைப்பில் மண்ணைப் போட மனம் வரவில்லை. மாதம் தேய்ந்துகொண்டே போனது. வக்கீல் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் அவளிடமே கேட்டேன்.

"போடுங்கண்ணே. எங்களுக்கும் சம்பளம் வரல. யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

மறுநாளே கையெழுத்துப் போட்டேன். தவணைக்குள் வழக்குத் தாக்கலானது. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தங்கை இப்போது பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம், அவள் வேலையை நான்தான் பறித்தேனோ என்று இன்னும் தோன்றுகிறது.