கோயில் எருதின் கொம்பும் பெரியசாமி காட்டிய அலமாரியும்

போன ஐப்பசியில் இருபத்தொரு நாள் என் கிளினிக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு மாடு வரவில்லை. ஒரு ஆடு வரவில்லை. கோழிக்குக் கழிச்சல் என்று மருந்து கேட்டுக்கூட யாரும் வரவில்லை. மலையில் நோயே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மழையில் கோமாரி வந்து, வாயில் நுரை தள்ளிக்கொண்டு மாடுகள் என் வாசல் வழியாகத்தான் நடந்து போயின. பஸ் ஸ்டாப்பில் வேன் பிடித்து செம்மேட்டு அரசு மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஓட்டிப் போனவர்களில் சிலர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியவர்கள் துப்பிவிட்டுப் போனார்கள்.

பெரியசாமியைக் கும்பிடுகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். கேட்டதெல்லாம் கொடுத்தார், கண்ணீரைத் துடைத்தார் என்று இனிக்க இனிக்க எழுதுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எனக்கு அவர் கேட்டதைக் கொடுக்கவில்லை. ஆனால் பதில் கொடுத்தார். அதற்குத்தான் இந்தச் சாட்சி.

நான் தேவனூர் நாட்டுக்காரி. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. கால்நடை மருத்துவம் ஐந்தரை வருஷம் படித்தவள். வளப்பூர் நாட்டில் தனியார் மாட்டு வைத்தியர் யாரும் இல்லை என்று, அங்கே பஸ் ரோட்டோரம் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து கிளினிக் வைத்தேன். இரண்டு வருஷம் நன்றாகத்தான் நடந்தது. புரட்டாசியில் சின்னான் என்பவர் ஒரு எருதைப் பிடித்துக்கொண்டு வந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்து மூக்கில் ரத்தம் கசிந்தது. வலது கொம்பு அடியில் தளர்ந்து ஆடியது. கொம்பில் புற்று. படித்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வராது. கொம்பை அடியோடு எடுக்காவிட்டால் எருது தீவனம் தின்னாமல் மெலிந்து சாகும்.

சின்னானிடம் அதைத்தான் சொன்னேன்.

"நீங்க எது செஞ்சாலும் செரிங்க டாக்டரம்மா," என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டேன். கம்பி ரம்பத்தால் கொம்பை அறுத்து எடுத்தேன். ரத்தம் அதிகம் போகவில்லை. மூன்றாம் நாளே எருது புல் தின்றது. என் கைமேல் எனக்கு அவ்வளவு கர்வம்.

பத்தாம் நாள் ஊர்க்கவுண்டர் வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். அந்த ஊருக்கு அவர்தான் பெரியவர். இரண்டு வருஷமாக என்னை 'கண்ணு' என்று கூப்பிட்டவர். அன்றைக்கு நாற்காலியைப் போட்டேன், உட்காரவில்லை.

"ஆரைக் கேட்டு அறுத்தே?"

"சின்னான் செரின்னாருங்க."

"சின்னான் கயித்தப் புடிக்கறவன். மாடு அவனுதா? அது கோயில் எருது. ஏழு ஊட்டுப் பங்காளிக்கும் பொது. அதும் மேல கத்தி படோணும்னா சாமிகிட்டப் பூக் கேக்கோணும்."

அது மாட்டுப் பொங்கலன்று ஊரில் முதலில் ஓடவேண்டிய எருது. உடம்பில் ஊனம் இருக்கக் கூடாது. எங்கள் ஊரில் கயிற்றைப் பிடித்து வருகிறவர் சொன்னால் அதுதான் முடிவு. மாட்டை அனுப்பும்போதே ஊர் அவருக்கு முடிவு சொல்லும் உரிமையையும் கொடுத்து அனுப்பும். இவர்கள் ஊரில் கயிறு பிடிப்பவருக்குக் கயிறு மட்டும்தான். பக்கத்து நாடுதான், பஸ்ஸில் ஒரு மணி நேரம், ஆனால் வழக்கம் வேறு. அது எனக்குத் தெரியாது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "உசுரோட இருக்கறதுக்கு சந்தோசப்படுங்க. ஏழு ஊட்டையும் கேட்டுட்டு வர்றதுக்குள்ள செத்துப் போயிருக்கும்," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ரோட்டில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

ஊர்க்கவுண்டர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். அன்று சாயங்காலமே ஊர் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் மாடு ஓட்டிப் போகிறவன் வீட்டில் யாரும் சோற்றில் கை நனைக்கக் கூடாது. எருதைக் கார்த்திகை அறுப்பு முடிந்ததும் கீழே சந்தைக்கு அனுப்பிவிடுவது. ஒற்றைக் கொம்பு எருதைச் சந்தையில் எவன் உழவுக்கு வாங்குவான்? அது எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சின்னான் என் பக்கம் தலைகாட்டவில்லை.

என் கணவர், "போதும், கீழ போயிரலாம்," என்றார். நாமக்கல்லில் கோழித் தீவனக் கம்பெனி ஒன்றில் ஆள் கேட்டிருந்தார்கள். கார்த்திகை முடிவுக்குள் சொல்ல வேண்டும். மலையில் பிறந்து, மலைக்கு வைத்தியம் பார்க்கவென்றே படித்தவள் கோழித் தீவன மூட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போடப் போவதா?

கார்த்திகை முதல் வெள்ளி எங்கள் ஊர்ப் பெரியசாமி கோயிலுக்குப் போனேன். தேங்காய் பழம் எதுவும் கொண்டு போகவில்லை. கோபத்தைத்தான் கொண்டு போனேன். பூசாரி இலை பொறுக்கிக்கொண்டிருந்தார், அவர் காதில் விழும்படியே கத்தினேன்.

"மாட்டைக் காப்பாத்தினது குத்தமா? அவிங்க என் வாசல்ல வந்து தப்புன்னு சொல்லோணும். நீ சொல்ல வையி. இல்லாட்டி ஒண்ணு சொல்லு. அஞ்சர வருசம் படிச்சேன். நோய் தெரியும், மருந்து தெரியும். ஒரு கிளினிக்க எப்படி நடத்தோணும்னு ஒருத்தரும் ஒரு நாளும் சொல்லித் தரல. நீயாச்சும் சொல்லு. மாசம் முடியறதுக்குள்ள சொல்லு. இல்லாட்டி நான் சாவியக் குடுத்துட்டுப் போறேன்."

பூசாரி திருநீறு கொடுக்கக்கூட வரவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. கிளினிக் நடத்துவதைப் பற்றி எங்காவது புத்தகம் இருக்காதா? ஊர் நூலகத்தில் கேட்டேன். கறவை மாடு வளர்ப்பு என்று அட்டை கிழிந்த ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதைவிட எனக்கு மாடு தெரியும். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, நான் படித்த கல்லூரியின் நூலகத்துக்குப் போனேன்.

அங்கேயும் வரவேற்பு ஒன்றும் இல்லை. வாசலில் காவலர் அட்டை கேட்டார். பழைய மாணவி என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு பையைப் பிடுங்கி வைத்தார். உள்ளே நூலகர் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வெளிய எடுத்துட்டுப் போக முடியாது. உக்காந்து படிக்கலாம்," என்று மட்டும் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தரை வருஷம் இருந்த நூலகம், எனக்குத் தெரியாததா? 636 என்று எண் போட்ட அடுக்குக்கு நேராகப் போனேன். கால்நடை மருத்துவம் முழுவதும் அங்கேதான்.

மூன்று மணி நேரம் தேடினேன். அறுவை, மருந்து, கருவூட்டல், குடற்புழு. அடியிலிருந்து மேல் வரை பார்த்தேன். கணினியில் நோயின் பேராக அடித்தேன், மாட்டின் பேராக அடித்தேன். கிளினிக்கை நடத்துவது என்று ஒரு புத்தகம் இல்லை. கை முழுக்கத் தூசி. காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. மேசைக்குப் போய் நூலகர் அம்மாவிடம் சண்டைக்கு நின்றேன்.

"இவ்வளவு பெரிய நூலகத்துல உபயோகமா ஒரு புத்தகம் இல்லீங்களா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "மூணு மணி நேரமா உங்களத்தான் பாத்துட்டு இருக்கறனுங்க. நீங்களா அடுக்கைத் தேடறீங்க, நீங்களா கோவப்படறீங்க. இங்க உக்காந்திருக்கறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "மாட்டு வைத்தியப் புத்தகத்த மாட்டு வைத்திய அடுக்குலதான தேடுவாங்க?"

"நோயத் தேடற எடத்துல தொழில் நடத்தறதத் தேடினா எப்படிக் கெடைக்கும்? அது 658. மேலாண்மை. கீழ்த்தளத்துல கோழிப் பண்ணை நிர்வாகத்துக்குப் பக்கத்து அலமாரி. கணினியில தேடறதுன்னா 'பிராக்டிஸ் மேனேஜ்மென்ட்'னு போடுங்க. அதுக்குப் பேரே அதுதான். அந்தப் பேர்லயே கட்டுரைங்க தனியா இருக்குது, அச்சு எடுத்துத் தர்றேன். போங்க."

கடைசி வார்த்தையை நாயை விரட்டுகிற மாதிரிதான் சொன்னார். நான் நன்றி சொல்லாமல் படி இறங்கினேன்.

அந்த அலமாரியில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஆங்கிலத்தில் கனமான ஒன்று, ஒல்லியான ஒன்று. இரண்டையும் அதற்கு முன் யாரும் எடுத்த அடையாளம் இல்லை. கட்டணத்தைப் பற்றியோ விளம்பரத்தைப் பற்றியோ ஆரம்பிக்கும் என்று நினைத்துத்தான் கனமானதைத் திறந்தேன். முதல் பாடம் அது இல்லை. உன் முன்னால் விலங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார் என்பதுதான் முதல் பாடம். அவர் சொந்தக்காரரா, கொண்டுவந்து விட்டவரா, முடிவு சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறதா, இல்லையென்றால் யாருக்கு இருக்கிறது. கத்தியை எடுப்பதற்கு முன் அதைக் கேட்டு எழுதி வாங்கு. எழுதி வாங்காத சம்மதம் சம்மதமே இல்லை.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்தியினால் என்று சொன்னால் பொய். கோபத்தினால். அவர்களைத் தண்டிக்கச் சொல்லிக் கேட்டேன், நீ என்னைக் கூண்டில் ஏற்றுகிறாயா என்று பெரியசாமியைத் திட்டினேன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை நான் மறைத்து எழுதியிருக்கிறேன். அந்த எருதின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அது கோயில் மாடு என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும். ரத்தம் படக்கூடாது என்று அந்தத் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டியது என் கைதான். யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவள் நான், இவர்களைக் கேட்பதா என்ற திமிர். அந்தக் கீழ்த்தளத்தில், கோழிப் பண்ணைப் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

மேலே போய் நூலகர் அம்மாவுக்கு நன்றி சொன்னேன். அவர் கட்டுரைகளை அச்சு எடுத்து நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். சிரிக்கவில்லை. "அடுத்த தடவ வந்தா மொதல்ல கேளுங்க," என்றார்.

கார்த்திகை கடைசி ஞாயிறு வளப்பூர் நாட்டில் ஊர்க்கூட்டம். எருதைச் சந்தைக்கு ஓட்டும் நாளைக் குறிப்பதற்காகக் கூடியிருந்தார்கள். கூப்பிடாமலே போனேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "வந்துட்டாளே கொம்பறுக்கி," என்றாள். யாரும் அவளை அடக்கவில்லை. நின்றுகொண்டே பேசினேன். துணியைப் பார்த்தேன், கேட்காமல் அறுத்தேன், தப்பு என்னுது என்றேன். சின்னான் தலை குனிந்து நின்றார். அவர்மேல் குற்றம் இல்லை என்றும் சொன்னேன். பிறகு, "என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. எருதச் சந்தைக்கு ஓட்டறதுக்கும் சாமியத்தானுங்க கேக்கோணும். கேட்டீங்களா?" என்றேன்.

பெரிய கூச்சல் எழுந்தது. நீ யார் எங்களுக்குச் சொல்ல என்று இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஊர்க்கவுண்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர்களும் சாமியைக் கேட்கவில்லை. அது அவருக்கும் உறைத்தது.

பூக் கேட்டார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் எருது ஊரில் இருக்கும், சிவப்பு வந்தால் சந்தை. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை.

நான் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஊர்க்கவுண்டர் என் முன்னால் நின்றார்.

"சாமி எருதப் பொறுத்துக்கிச்சு. நாங்க உன்னையப் பொறுத்துக்கல. மாட்டுக்கு நோவுன்னா வருவோம். கேட்டுட்டுச் செய்யி."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மன்னிப்பு. தீவனக் கம்பெனிக்கு வரமாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டேன். தையில் ஒற்றைக் கொம்போடு அந்த எருதுதான் முதலில் ஓடியது. என்னை யாரும் அழைக்கவில்லை. ரோட்டில் நின்று பார்த்தேன்.

இப்போது என்னிடம் வரும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு தாள் உண்டு. மாடு யாருடையது, யார் யாரைக் கேட்க வேண்டும், கேட்டாயிற்றா, என்ன செய்யப் போகிறோம், கட்டணம் என்ன. எல்லாம் அந்த அலமாரியில் கற்றது. ஆரம்பத்தில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், இப்போது கையெழுத்துப் போடுகிறார்கள்.

மாசியில் ஊர்க்கவுண்டரே தன் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு காம்பு அழுகியிருந்தது. அறுத்து எடுக்க வேண்டும் என்றேன். தாளை எடுத்தேன்.

"மாடு ஆருதுங்க?"

"என்னுதுதான். எளுது."

"ஆரைக் கேக்கோணுமுங்க?"

பசுவைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். கடைசியில் மெல்ல, "எம் பொண்டாட்டியக் கேக்கோணும். அவ பொறந்த ஊட்டுல இருந்து ஓட்டியாந்த மாட்டோட கன்னு இது," என்றார்.

"கேட்டீங்களா?"

என்னை முறைத்தார். பேனாவை நான் மூடவில்லை. போனை எடுத்துக்கொண்டு, டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போனார். ஸ்பீக்கரில் அந்த அம்மா அவரைத் திட்டுவது கீழே எனக்கே கேட்டது. திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

பெரியசாமியின் பிள்ளைகளே, கஷ்டம் வந்தால் அவரிடம் போங்கள். கோபமாகவே போங்கள், அவர் தாங்குவார். ஆனால் பதில் உங்களுக்கு எதிராக வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு எதிராக வந்த அந்தப் பதிலால்தான் இன்று இந்த மலையில் என் கிளினிக்கின் கதவு திறந்திருக்கிறது.