கம்பியிலிருந்து இறக்கியவள்

இலங்கை மலைநாட்டில், றொசல்லைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் இசபெல்லை இன்றைக்கும் கம்பிக்காரன் பெண்சாதி என்றுதான் சொல்கிறார்கள். அவள் புருசன் லோரன்ஸ் கம்பி வேலையை விட்ட பிறகும் அந்தப் பேர் போகவில்லை.

மேல்மலைக் கொழுந்தைச் சாக்கில் கட்டி, பள்ளத்தாக்கின் மேலாக ஓடும் இரும்புக் கம்பியில் கொக்கி மாட்டி, கீழே தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு அனுப்புவது அவன் வேலை. கடைசிச் சாக்கு போனதும், நடக்கச் சோம்பல்பட்டு, அடுத்த கொக்கியில் தானே தொங்கிக்கொண்டு இறங்கிவிடுவான். கீழே கொழுந்து கிள்ளும் பெண்கள் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். இசபெல்லுக்குப் பொத்தவும் மனம் வராது, பார்க்கவும் தெம்பிருக்காது. வயிற்றில் மூன்றாவது பிள்ளை.

ஐம்பத்தெட்டாம் வருசம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வருகையில், தேநீர்க் கடையில் பள்ளிக்கூடத்துத் தம்பு மாஸ்டர் பத்திரிகையில் ஒரு படத்தைக் காட்டினார். ஆகாயவிமானத்திலிருந்து பரசூட்டோடு குதிக்கும் வெள்ளைக்காரன்.

"உவனுக்கும் உம்மட மனுசனுக்கும் ஒரே விசர்தான், இசபெல்."

லோரன்ஸ் சிரித்தான். "அவனுக்காவது குடை இருக்கு மாஸ்டர். எனக்கு வெறுங் கொக்கிதான்."

குடியிருந்த லயத்து வாசலுக்கு வந்ததும் இசபெல் கேட்டாள். "கம்பி அறுந்தா என்ன செய்வீங்க?"

"இந்தத் தோட்டத்துல கம்பியில எவன் செத்தான், சொல்லு. ராசம்மா பிரசவத்துல போனா. சிவசாமி கான் வெட்டுறப்போ மண்ணு சரிஞ்சு போனான். தரையிலதான், புள்ள, சாவு கெடக்கு."

அவள் காதில் அது ஏறவில்லை. மறுநாள் ஒரு சேவலோடு கங்காணி சோலைமலை வீட்டுக்குப் போனாள்.

"என்னா, புருசன ஆகாசத்துலருந்து எறக்கணுமா?" என்றார் அவர்.

"தரையில ஏதாச்சும் வேல குடுங்கய்யா. அது போதும்."

கான் வெட்டில் ஆள் குறைந்திருந்தது; அவனை அங்கே போட்டார். சரிவில் மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் தோண்டும் வேலை. லோரன்ஸ் இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அன்றிலிருந்து இசபெல் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆனி மழை பிடித்தது. கான் வெட்டில் கொடுத்த அளவை முடித்தால்தான் முழுப் பேர். பாதியில் ஏறினால் அரைப் பேர், அரைச் சம்பளம். அன்று மாலை மற்றவர்கள் ஏறிவிட்டார்கள்; லோரன்ஸ் மட்டும் கானுக்குள் நின்றான்.

"மண்ணு ஊறிப்போச்சு, வாடா" என்று கூப்பிட்டான் கூட வேலை செய்யும் அழகுமுத்து.

"கொஞ்சந்தான், முடிச்சிட்டு வாறேன்."

மேட்டு மண் சத்தமில்லாமல் வந்தது. லோரன்ஸைத் தோண்டி எடுத்தபோது மண்வெட்டி அவன் கையிலேயே இருந்தது.

அடக்கத்துக்கு வந்த கங்காணி குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, இசபெல் இருந்த பக்கம் பார்க்காமல் இறங்கிப் போனார்.

பிள்ளை பிறந்து, மறுபடி கூடை தூக்கினாள். கம்பியில் இப்போது வேறொருவன். அவன் தொங்கி வரும்போது பெண்கள் வழக்கம்போலக் கண்ணைப் பொத்துவார்கள். இசபெல் நிமிர்வதே இல்லை. தலைக்கு மேலே கொக்கி உரசிப் போகும். அவள் மேட்டு மண்ணில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகே அடுத்த காலை வைப்பாள்.