சத்தம் மாறிய தண்ணீர்

எங்கள் தீவில், கராச்சர்மாவில் நாங்கள் கட்டிய வீட்டில் இன்று காலை கீசரைப் போட்டுக் குழாயைத் திறந்தேன். முதலில் பச்சைத் தண்ணீர் சலசலவென்று வாளியில் விழுந்தது. வெந்நீர் வந்ததும் சத்தம் மந்தமாகிவிட்டது. சட்டென்று குழாயை மூடினேன்.

எட்டு வயதில் ஒருமுறை எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. டெலானிபூரில் அம்மா வேலை பார்த்த அதிகாரி வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனாள். அவர்கள் குளியலறையில் என் தலையில் சீயக்காயைத் தேய்த்துவிட்டுக் கீசர் குழாயைத் திறந்தாள். தண்ணீரின் சத்தம் மாறியதுமே அடுத்த அறையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த அவளும் தமிழ்தான்.

"வெந்நீர் யாருக்கு?"

"டண்டா பானிதான் மேடம், பச்சத் தண்ணிதான்" என்றாள் அம்மா.

"சத்தத்துலயே தெரியுது. பொய் சொல்லாம கொட்டிடு."

அம்மா வாளியைக் கவிழ்த்தாள். பச்சைத் தண்ணீரைப் பிடித்து என் தலையில் ஊற்றினாள். எனக்குப் பல் கிட்டியது.

"அழாத பாப்பா, அவங்களுக்குக் கேக்கும்" என்று என் வாயைப் பொத்தினாள்.

அன்று மாலையே காய்ச்சல் திரும்பியது. மறுநாளும் அம்மா அங்கேதான் வேலைக்குப் போனாள். மேடம் கொடுத்தனுப்பிய மிச்சச் சோற்றோடு திரும்பி வந்தாள். நான் அதை வழித்துச் சாப்பிட்டேன்.