விஜயா கட்டிலில் சாய்த்து வைத்த பேனல்கள்

கைபேசியில் விஜயாவின் பெயர் வந்தபோது நான் தில்லியில், முனிர்கா சந்து ஒன்றில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை எட்டு மணி இருக்கும். எடுத்த எடுப்பில், "என்னடி, வயரை மறுபடியும் எங்கயோ வெச்சுட்டேன்னு சொல்லத்தானே கூப்பிடறே?" என்றேன். பேசியது அவள் கணவர் முருகேசன். "கலாம்மா, நான்தான் பேசுதேன்" என்றார். விஜயா காபி போட்டு அவருக்குக் கொடுத்துவிட்டுத் தன் தம்ளருடன் நாற்காலியில் உட்கார்ந்தாளாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினால் தலை சாய்ந்திருந்ததாம். கடைக்காரர் "மேடம், கித்னா?" என்றார். அரைக் கிலோ என்றேன். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, காயைச் சமையல் மேடையில் வைத்த பிறகுதான் அழுதேன்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவளைக் கோல் மார்க்கெட் குடியிருப்பின் பக்கத்து வீட்டுக்காரியாக அறிவீர்கள். மின்சாரம் போனால் ஆள் வரும்வரை காத்திருக்காமல் அவள் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் நீங்கள். மத்திய அரசில் மின்பொறியாளராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, "வீட்டுல உக்காந்தா எனக்குத் துருப்பிடிச்சிரும்" என்று எங்கள் அறக்கட்டளைக்கு வந்தவள். என்னைவிட இரண்டே மாதம் மூத்தவள். அந்த இரண்டு மாதத்தை ஏதோ பெரிய பதவி போல நடத்துவாள். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் மேடைக்குப் பின்னால் போய் வயரிங் பார்ப்பாள், பிறகுதான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பாள். என்னோடு சண்டை போடாத வாரம் கிடையாது. நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்களிடம் ஒரு வண்டி இருக்கிறது. அதில் ஊர் ஊராக என்று சொல்ல முடியாது, தில்லிக்குள்ளேயே பேட்டை பேட்டையாகப் போய்க் காது சோதிக்கிறோம். யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று அளந்து எழுதிக் கொடுப்பது என் வேலை. வண்டிக்குள் ஒரு சிறிய அறை. அதில் உட்காருகிறவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சன்னமான ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அமைதி இல்லையென்றால் அந்தச் சோதனை வெறும் விளையாட்டு. வண்டி போகிற இடங்களில் மின் இணைப்பு கிடைக்காது, இரவில் அது நிற்கிற மைதானத்திலும் கிடையாது. ஜெனரேட்டர் வைத்தால் சத்தம். ஆகவே சோலார் பேனல் போடுவது என்று முடிவாகி, எதை வாங்குவது என்று பார்க்கும் பொறுப்பு விஜயாவுக்கு வந்தது.

முதல் கூட்டத்துக்கு நான் ஏழெட்டு நிறுவனங்களின் வழவழப்பான விளம்பரத் தாள்களோடு போனேன். அவள் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. "பேனலைப் பொறவு பாப்போம். மொதல்ல வண்டிக்குள்ள எது எது எத்தன நேரம் ஓடணும், அதைச் சொல்லுட்டீ" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அதற்காக இரண்டு நாள் முழுக்க ஒரு நோட்டோடு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். சோதனைக் கருவிக்கு இவ்வளவு, கணினிக்கு இவ்வளவு, உள்ளே இருப்பவர் வேகாமல் இருக்கச் சின்ன விசிறிக்கு இவ்வளவு என்று மணிக்கணக்கோடு எழுதினாள். நான் டீ குடிக்க எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறேன் என்பதும் அந்த நோட்டில் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றாள்.

பிறகு சாந்தினி சௌக் பக்கம் மின்சாமான் கடைத்தெருவுக்குப் போனோம். அவள் பையில் ஒரு மீட்டர் இருந்தது. கடைக்காரர் காட்டும் பேனலைத் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லி, வெயிலில் நிறுத்தி, மீட்டரை மாட்டி, தன் முந்தானையால் ஒரு ஓரத்தை மூடுவாள். சில பேனல்களில் அந்த ஓரம் மறைந்ததும் எண் அடியோடு விழுந்துவிடும். சிலது பாதியாவது தாங்கும். தாங்குவதை ஒரு பக்கம் வைக்கச் சொல்வாள். "அட்டையில எழுதியிருக்குறது கடைக்காரங்க வெயிலு. நம்ம பேட்டைல மரக்கிளை இருக்கு, கொடிக்கயிறு இருக்கு, புறா இருக்கு" என்றாள். ரிக்ஷாக்காரர்கள் வழி கேட்டுக் கத்தினார்கள். கடைக்காரர், "மேடம்ஜி, சேலையை எடுங்க, சரக்குக்குக் கெட்ட பேரு வரும்" என்று ஹிந்தியில் கெஞ்சினார். நான் பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் வாங்கியது அவள் தேர்ந்தெடுத்ததை அல்ல. இதை நான் மறைக்கக் கூடாது. அவள் சொன்னது கண்ணாடி போட்ட, தடித்த, கனமான இரண்டு பேனல்கள். வண்டிக்கு வெளியே தரையில் வைத்து நீள வயரில் இணைக்க வேண்டும். தேவைக்கு மேலேயே மின்சாரம் தருவதாக வேறு கேட்டாள். "நல்ல வெயில் நாளை வெச்சு வாங்காத. மோசமான நாளை வெச்சு வாங்கு" என்றாள். எனக்குப் பிடித்தது, வண்டிக் கூரைமேல் ஒட்டிவிடும் மெல்லிய தகடு. தூக்க வேண்டாம், இறக்க வேண்டாம், பார்க்கவும் லட்சணம். நன்கொடையாளருக்கும் படத்தில் அதுதான் பிடித்தது. "ஏட்டி, பேனல் நிக்கப்போற எடத்துல நீ போயி ஒரு நாள் நின்னு பாத்தியா?" என்று கேட்டாள். உனக்கு எப்போதும் இப்படித்தான், எதையும் எளிதாகச் செய்யப் பிடிக்காது என்று நான் கத்தினேன். அறக்கட்டளைக் குழுவில் நான் ஜெயித்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, தம்பி மகள் கல்யாணத்துக்குப் பாளையங்கோட்டை போய்விட்டாள்.

மே மாதம் வந்தது. தில்லி மே மாதத்தில் வெட்டவெளியில் வண்டியை நிறுத்தினால் சோதனை அறை அடுப்பாகிவிடும், வரிசையில் நிற்கவும் ஒருவர் வரமாட்டார். முனிர்காவில் ஒரு பெரிய வேப்பமரத்தடியில்தான் நிறுத்துவோம். மரத்தடியில் நின்றால் கூரைத் தகட்டுக்கு வெயில் ஏது? பன்னிரண்டு மணிக்கெல்லாம் பேட்டரி படுத்துவிடும். வரிசையைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. விஜயா ஊரில் இல்லாத தைரியத்தில், ஒரு பழைய ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் வைத்து ஓட்டினேன். என் காதுக்கு அது பெரிதாகக் கேட்கவில்லை. எல்லாம் சரியாக நடப்பதாகத்தான் நினைத்தேன்.

ஜூன் கடைசியில் திரும்பி வந்தவள், தகடு எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க என் சோதனைத் தாள்களைப் புரட்டினாள். அவற்றில் நேரம் எழுதியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "காலைல வந்தவங்களுக்கெல்லாம் காது நல்லா இருக்கு. மதியத்துக்கு மேல வந்தவங்க அத்தன பேருக்கும் அடித்தொனி கேக்கல. அப்படி என்னத்தட்டீ மத்தியானம் சாப்பிடுதாங்க இவங்க?" என்றாள். அவள் கையிலிருந்து தாள்களை வாங்கி நேரத்தைப் பார்த்தேன். ஜெனரேட்டரின் உறுமல் அடித்தொனி, தாழ்ந்த சுருதி. அதே தொனியில் நான் கொடுத்த சன்னமான ஒலிகளை அது விழுங்கியிருக்கிறது. நல்ல காது உள்ளவர்களுக்கு நான் கைப்படக் குறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு மாணவிகூடச் செய்யாத தப்பு.

அந்தத் தாள்களில் ஒன்று முன்னி தேவியுடையது. அதே வேப்பமரத்தடியில் கரிப்பெட்டியால் துணி தேய்ப்பவர். பக்கத்து அலுவலக வளாகத்தின் குழந்தைகள் காப்பகத்தில் அவருக்கு ஆயா வேலை கிடைப்பதாக இருந்தது. மே மாத வெயிலில் கரிப்பெட்டியோடு நிற்பவருக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று சான்று கேட்டார்கள், குழந்தை அழுதால் தெரிய வேண்டுமல்லவா. நான் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். சனிக்கிழமைக்குள் வேறு தாள் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மருத்துவமனையில் தேதி கேட்டால் மாதக்கணக்கில் தள்ளிக் கொடுத்தார்களாம். இதெல்லாம் விஜயா போய் விசாரித்துக்கொண்டு வந்தது.

மறுபடி சோதிக்க வேண்டுமென்று போனில் சொல்லிவிடலாம் என்றேன். ஏதாவது கருவிக் கோளாறு என்று சொன்னால் போதும் என்றும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "கருவி என்ன செஞ்சிச்சு பாவம்? நீதான் போகணும். போயி, தப்பு என்னோடதுன்னு சொல்லணும். நான் கூட வாரேன், வாயத் தெறக்க மாட்டேன்" என்றாள். இருபது வருடத்தில் நோயாளி யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவளைத் திட்டிக்கொண்டே போனேன். மரத்தடியில் நின்று, வார்த்தைகளைத் தேடித் தேடி ஹிந்தியில் சொன்னேன். முன்னி தேவி பெட்டியைக் கல்மேல் நிமிர்த்தி வைத்தார். "அன்னைக்கே சொன்னேனே டாக்டர்னிஜி, ஏதோ குர்குர்னு சத்தம் வருதுன்னு. நீங்கதான் அதை விடு, பட்டனை அமுக்குன்னீங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. திரும்பி வரும்போது நான் அழுதேன், விஜயா கொடுத்த வாக்கை மீறாமல் வாயை மூடிக்கொண்டே வந்தாள்.

எங்கள் வண்டிக்கு முனிர்கா முறை வியாழக்கிழமை. அதற்குள் அவள் முன்பு தேர்ந்தெடுத்த இரண்டு கனத்த பேனல்களையும் வாங்கிவந்துவிட்டாள். வியாழனன்று பார்த்தால் வானம் முழுக்க மழை மேகம். ஜெனரேட்டரை நினைத்துப் பார்க்கவே முடியாது. விஜயா அக்கம்பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலைக் கேட்டு வாங்கி, மரத்தைத் தாண்டித் திறந்தவெளியில் சுவரோரம் சாய்த்து, அதன்மேல் பேனல்களை வைத்துக் கட்டினாள். அங்கிருந்து மரத்தடி வண்டிவரை வயர் ஓடியது. "வெயிலு அங்கன, சனம் இங்கன. ரெண்டையும் ஒரே எடத்துல நிப்பாட்ட நெனச்சியே, அதான் உன் புத்தி" என்றாள். மேகம் வெளுக்கும் பக்கமெல்லாம் கட்டிலோடு சேர்த்துத் திருப்பினாள். காலையிலிருந்து வேறு யாரையும் சோதிக்கவில்லை, வந்ததையெல்லாம் பேட்டரியில் சேர்த்தோம். மேகத்தில் பேனல் தன் பலத்தில் கால்வாசிகூடத் தராது. தேவைக்கு மேலே அவள் கேட்டது எதற்கென்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

ஒரு மணிக்கு, "விளக்கை அணை, விசிறியை அணை, கணினியை மூடு. கருவி மட்டும் ஓடட்டும். தாள்ல கையால எழுது" என்று சொன்னாள். முன்னி தேவி இருட்டறைக்குள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவிடுக்கு வெளிச்சத்தில் எழுதினேன். வெளியே தூறலில் விஜயா குடையை மீட்டருக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்து நின்றாள். அடித்தொனிக்கு வந்தேன். எவ்வளவு குறைத்தாலும் அவர் பட்டனை அமுக்கினார், கருவியில் அதற்கான விளக்கு எரிந்தது. இன்னும் குறைத்தேன், அப்போதும் எரிந்தது. இரண்டு காதும் குறையில்லாத காது. தாளை நீட்டியபோது முன்னி தேவி அதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "இப்போ சத்தமே இல்லை டாக்டர்னிஜி" என்றார். சனிக்கிழமை அவர் தாளைக் கொடுத்தார், திங்கட்கிழமை வேலைக்குப் போனார். மதியத்துக்கு மேல் வந்த மற்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சோதித்து முடிக்க மழைக்காலம் முழுக்க ஆயிற்று. ஒவ்வொருவரிடமும் நானே சொன்னேன். விஜயா ஒவ்வொரு தடவையும் பின்னால் நின்றாள்.

அதன் பிறகு எத்தனையோ தடவை சண்டை போட்டோம். பேனல் துடைக்கிற துணிக்குக்கூடச் சண்டை. அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவள் குத்திக்காட்டியதே இல்லை. பதினாறாம் நாள் முருகேசன் அவளுடைய நோட்டை என்னிடம் நீட்டினார், வைத்துக்கொள்ளச் சொன்னார். வண்டிக்குத்தான் அது வேண்டும் என்று ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை அவள் இல்லாமல் முதல் முறையாக வண்டி போயிற்று. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் வந்தார். சோதனை முடியும் சமயம், உள்ளே ஏதோ சத்தம் வருகிறது என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்தேன். வண்டியைச் சுற்றி வந்தேன், சுவருக்கு அந்தப்புறம் பார்த்தேன், பிறகு இருக்கைக்கு அடியில் காதை வைத்தேன். விஜயாவே மாட்டிய இன்வெர்ட்டர். சூடேறி அதன் விசிறி முனகிக்கொண்டிருந்தது. அவள் இருந்திருந்தால் அன்று முழுக்க என் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். இருக்கையைத் தூக்கிக் காற்றாடவிட்டதும் முனகல் நின்றது. மறுபடி முதலிலிருந்து சோதித்தேன். முன்பு கேட்காத இரண்டு ஒலிகள் அவருக்குக் கேட்டன.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது, சொல்லும்போது பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டியிருந்தது. பழைய தாளைக் கிழித்துப்போட்டு, புதிய தாளை அந்தப் பெரியவரிடம் கொடுத்து, "முதலில் எடுத்தது தப்பு. தப்பு என்னுடையது" என்றேன். பின்னால் யாரும் இல்லை.