குடிக்காதவனின் தள்ளாட்டம்

பாம்பனில் அண்ணனின் வள்ளத்தில் நான் வலை இழுத்துக்கொண்டிருந்தேன். மதுவிலக்கு வந்திருந்த காலம். அந்த வருடம் வயிற்றுக்கடுப்பு வந்து, மாதக்கணக்கில் மில் அரிசிக் கஞ்சித் தெளிவை மட்டும் குடித்துக் கிடந்தேன். வயிறு சரியானது. கால் போனது.

முதலில் பாதம் மரத்தது. கிளிஞ்சல் கிழித்து ரத்தம் ஒழுகியதை வீட்டுக்குள் நுழைந்தபின் மகள் சொல்லித்தான் பார்த்தேன். பிறகு முழங்காலுக்குக் கீழே பலமில்லை. தரையைப் பார்த்தபடி நடந்தால் ஒருவாறு சமாளிப்பேன். இருட்டினால் கால் எங்கே கிடக்கிறதென்று எனக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் கண்ணை மூடிக் கும்பிட்டேன். மூடியதுதான் தெரியும், முன்னால் நின்றவர் முதுகில் விழுந்தேன்.

“கோயிலுக்கே குடிச்சுட்டு வாரான் பாரு” என்றது ஒரு குரல்.

நான் கள்ளைக்கூடத் தொட்டவனில்லை. வீட்டில் மனைவி கதவைச் சாத்திவிட்டு, “வாய ஊதுங்க” என்றாள். ஊதினேன். மோந்து பார்த்தாள். “எதையாச்சும் மென்னுட்டு வந்திருப்பீக” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரமே கடைத்தெருவில் போலீஸ்காரர் பிடித்தார். ஸ்டேஷனில் கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். விழுந்தேன். சிரித்தார்கள். அண்ணன் வந்து கூட்டிப்போனார். வீட்டு வாசலில் நிறுத்திச் சொன்னார்.

“ஏலே, இனி வள்ளத்துல கால் வைக்காத. கடல்ல விழுந்து தொலைஞ்சா உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?”

மறுநாளே தன் மச்சினனை என் இடத்தில் ஏற்றிக்கொண்டார்.

ரயிலேறி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கால் அசையவில்லை. அவரும் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். ஆனால் விழுவதற்குள் பிடித்துக்கொண்டார்.

“குடிப்பியா?”

“இல்லய்யா.”

“சரி, என்ன சாப்பிட்டே?” என்றார். நம்பிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நரம்பு கெட்டிருக்கிறது, தவிடு போகத் தீட்டிய மில் அரிசியையே குடித்ததால் வந்த சத்துக் குறைவு, மெல்லத்தான் தேறும் என்றார். ஊசி போட்டார், கைக்குத்தல் அரிசியும் தவிடும் பயறும் சாப்பிடச் சொன்னார்.

மாட்டுக்கு வைக்கும் தவிட்டை வெல்லத்தோடு பிசைந்து தின்றேன். தினமும் இடுப்பளவு கடலில் இறங்கி நடந்து பழகினேன். தண்ணீரில் விழுந்தால் அடிபடாது. கரையில் நின்றவர்கள், “போதை தெளியட்டும், நல்லா முங்கு” என்று கத்தினார்கள். உணர்ச்சி திரும்பியபோது பாதம் நெருப்பாய் எரிந்தது. மறுவருடம் எதையும் பிடிக்காமல் நடந்தேன்.

அந்தச் சமயத்தில் பங்குச் சாமியார் பூசைப் பிரசங்கத்தில், “குடியை விட்டவன் எப்படித் தேறுவான் என்பதற்கு நம் நடுவிலேயே ஒருவர் இருக்கிறார்” என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அன்பாகத்தான் பார்த்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

“நீயாச்சும் எடுத்துச் சொல்லக்கூடாதா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“எதுக்குங்க? விட்டாச்சு, நல்லாயிட்டீக. அதோட விடுங்க” என்றாள். அந்த ஊசிகளே குடியை நிறுத்தப் போட்டவை என்று அவள் நினைத்திருந்தாள்.

அண்ணன் திரும்ப அழைத்தார், ஒரு நிபந்தனையோடு. சிலுவையைத் தொட்டு, இனிக் குடிக்கமாட்டேன் என்று நான் சத்தியம் செய்ய வேண்டும். வீட்டில் உலை வைத்து இரண்டு நாளாகியிருந்தது. தொட்டேன். சொன்னேன்.

“இப்பத்தாம்லே நீ என் தம்பி” என்று தோளைத் தட்டினார். அந்தக் கையை உதறத் தோன்றியது. வள்ளத்தில் ஏறி வலையை எடுத்தேன்.